மனை எண் 47-ஐப் பார்த்தவர்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்த இருபதாயிரத்துச் சொச்சம் பேரும் நான்தான்.

ரகு புரமோட்டர்ஸின் வெப்சைட்டுக்குப் போய், சேரப்பணஞ்சேரி கங்கா நகர் என்பதைத் திறந்து, மனை எண் 47-ஐத் தட்டினால் படத்துக்குக் கீழே சிவப்பில் ஒரு வரி வரும். 'இந்த மனையை இதுவரை பார்த்தவர்கள்' என்று போட்டு, பக்கத்தில் ஓர் எண். அதில் வெளியாட்கள் முந்நூறு பேர் இருந்தால் அதிகம். மற்றவர்கள் எல்லாம் படப்பை மெயின் ரோட்டில், ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில், கால் ஆடும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த சுகப்பிரியா என்ற ஒருத்தி. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. அம்மா கோமதியம்மாளோடு பின்தெருவில் ஒற்றை ரூமில் வாடகைக்கு இருந்தேன்.

அதற்கு முன் நாலு வருஷம் ஒரகடம் பக்கம் காருக்கு ஒயர் செட் பண்ணும் கம்பெனியில் இருந்தேன். என்னைப் போலத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்த பெண்கள்தான் அந்த லைனில் பாதிப் பேர். ஒரு பிளாஸ்டிக் தலைக்குள் பதினாறு ஒயர் முனைகளைக் கட்டைவிரலால் அழுத்தி ஏற்ற வேண்டும். 'டிக்' என்று சத்தம் வந்தால் சரி, வராவிட்டால் சூப்பர்வைசர் வருவார். நாலாவது வருஷம் வலது கையில் கட்டைவிரலும் அடுத்த விரலும் மரத்துப்போயின. சோற்றில் கை வைத்தால் சுடுகிறதா ஆறிவிட்டதா என்று தெரியாது, நாக்கில் வைத்தால்தான் தெரியும். டாக்டர் நரம்பு என்றார். கம்பெனி கணக்கை முடித்தது. நான் அழவில்லை. அழ வேண்டும் என்று தோன்றியதுகூட இல்லை, ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்பது போலத்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில் ரகுபதி சாருக்குக் கம்ப்யூட்டரில் உட்கார ஆள் வேண்டியிருந்தது. அவர் சிமெண்டும் கம்பியும் விற்றுக்கொண்டிருந்தவர். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பெரிய பெரிய வெளிநாட்டுக் கம்பெனிகள் வரப்போகின்றன என்ற பேச்சு கிளம்பியதும், சேரப்பணஞ்சேரியில் கொஞ்சம் வயலை வாங்கி, கல் நட்டு, பொண்டாட்டி பேரை வைத்து கங்கா நகர் ஆக்கிவிட்டார். அறுபது மனை. தாம்பரத்தில் ஒரு புரோக்கர் வெப்சைட் வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்ட அன்று ராத்திரி அவருக்குத் தூக்கம் வரவில்லையாம். அவரே சொன்னார்.

வெப்சைட் பண்ணிக் கொடுத்தது வாசுதேவ். ஸ்ரீபெரும்புதூர்க்காரர், வீட்டில் எல்லோருக்கும் கோயில் கைங்கரியம், இவருக்கு மட்டும் கம்ப்யூட்டர். வாரத்தில் இரண்டு நாள் நெற்றியில் ஸ்ரீசூர்ணத்தோடு மொபெட்டில் வருவார். சைட்டுக்கு ஆட்களை வரவழைப்பது அவர் பொறுப்பு. மாதா மாதம் வருகை கூடினால்தான் ரகுபதி சார் அவருக்குப் பணம் தருவார் என்று பேச்சு.

அவரும் என்னென்னவோ செய்தார். பக்கத்தின் அடியில் வெள்ளைத் தரையில் வெள்ளை எழுத்தாக, படப்பை, ஒரகடம், மனை, ஏர்போர்ட் அருகில், பெருமாள் கோயில் அருகில் என்று நூறு வார்த்தைகளை ஒளித்துவைத்தார். தேடுகிற இயந்திரத்துக்கு மட்டும் அது தெரியுமாம், மனுஷனுக்குத் தெரியாதாம். வெளிநாட்டுத் தமிழர்கள் கூடிப் பேசுகிற பக்கங்களில் நான் போய், நாட்டு நடப்பைப் பற்றி இரண்டு வரி எழுதிவிட்டு மூன்றாவது வரியில் கங்கா நகரைச் சொருக வேண்டும். பல பேர் திட்டினார்கள். ஒரு மாதம் ஆகியும் மொத்த சைட்டையும் பார்த்தவர்கள் எண்பத்தாறு பேர். அதில் நாற்பது தடவை ரகுபதி சாரே தன் பேரை ஸ்க்ரீனில் பார்க்கத் திறந்தது.

அப்போதுதான் வாசுதேவ் என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு டாக்டர் க்ளினிக் இருக்குன்னு வெச்சுக்கோங்கோ. வாசல்ல செருப்பே இல்லேன்னா உள்ள போவோமா? பத்து ஜோடி கெடந்தா கைராசி டாக்டர்னு நாமளும் போய் உக்காந்துப்போம். நீங்க அந்தப் பத்து ஜோடிச் செருப்பைப் போடணும், அவ்வளவுதான்."

"எப்படி சார்?"

"பக்கத்தைத் தெறங்கோ, மூடுங்கோ. மறுபடி தெறங்கோ. ஒவ்வொரு தரமும் ஒண்ணு ஏறும்."

"ரகுபதி சாருக்குத் தெரியுமா?"

"அவர்ட்ட எதுக்கு? கொஞ்ச நாளைக்குத்தானே. ஒரு ஐந்நூறு ஆனதும் நிறுத்திடலாம்."

ஐந்நூறு ஆனதும் ரகுபதி சார் எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தார். அப்புறம் எப்படி நிறுத்துவது?

நெட் போன் லைனில் கர்ர் கர்ர் என்று கத்திக்கொண்டு வரும். ஒரு மனையின் பக்கம் திறக்கப் பன்னிரண்டு, பதினைந்து விநாடி ஆகும். படம்தான் காரணம். ஆனால் 47-இன் படத்தை வாசுதேவ் வேறு ஏதோ சின்ன கேமராவில் எடுத்திருந்தார். படம் மங்கல், அதனால் லேசு. மூன்று விநாடியில் திறந்துவிடும். லைனில் வேலை பார்த்தவளுக்கு இது கண்ணில் படாமல் போகாது. டார்கெட்டை எட்ட எந்த பீஸ் சீக்கிரம் ஓடுகிறதோ அதைத்தான் கை தேடும். வாசுதேவ் எல்லா மனையையும் மாற்றி மாற்றித் திறக்கச் சொன்னார். நான் 47-ஐத் திறந்தேன். காலையில் ஐம்பது, சாப்பாட்டுக்குப் பிறகு ஐம்பது. விரலுக்கு எதுவும் தெரியாது என்பதால் கண்ணை மூடிக்கொண்டும் செய்வேன்.

தினம் நூறு தடவை ஒன்றையே பார்த்தால் அது நம்முடையது போல ஆகிவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது. மங்கலான அந்தப் படத்தில் மஞ்சள் பெயிண்ட் அடித்த ஒரு கல், கொஞ்சம் காய்ந்த புல், பின்னால் யாரோ ஒருவரின் சைக்கிள். அந்தச் சைக்கிள் யாருடையது என்றெல்லாம் யோசித்திருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சேரப்பணஞ்சேரி போனேன். 47 கார்னர் மனை, கிழக்குப் பார்த்தது, மற்றதைவிட ஒன்றரை அடி மேடு. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே நடந்தாள். முட்டிவலிக்காரி, அன்று நொண்டவில்லை.

"ஏட்டி, அக்னி மூலை இதுதான? இங்ஙன அடுப்படி. காலம்பற வெளிச்சம் நேரா அடுப்புக்கு வரும். லைட்டு போட வேண்டாம். அந்தால தொவைக்கிற கல்லு. தண்ணி வீணாப் போவாம இந்தப் பக்கம் ரெண்டு வாழை வைக்கலாம். வாசப்படி கொஞ்சம் அகலமா வேணும்ட்டி, சாயங்காலம் உக்காந்து கீரை ஆய."

கையிலிருந்த பையை அடுப்படி என்று சொன்ன இடத்தில் வைத்துவிட்டு, தள்ளி நின்று பார்த்தாள். பை அங்கே இருப்பது அவளுக்குத் திருப்தியாக இருந்தது.

நாலு வருஷத்தில் நாங்கள் ஐந்து ரூம் மாறியிருந்தோம். பதினோரு மாதம் முடிந்தால் காலி பண்ணச் சொல்வார்கள், அல்லது வாடகையைக் கூட்டுவார்கள். ஒரு வீட்டுக்காரம்மா நாங்கள் எத்தனை குடம் தண்ணீர் பிடிக்கிறோம் என்று சுவரில் கரிக்கோடு போட்டு வைத்திருந்தாள். ஊரிலிருந்து கொண்டுவந்த பித்தளைப் பாத்திரங்கள் ஒரு சாக்கில் கட்டியபடியே இருந்தன. அம்மா அதை அவிழ்க்கவே இல்லை. அவிழ்த்தால் மறுபடி கட்ட வேண்டும் என்பாள். அன்று திரும்பி வரும்போது ஆட்டோவில், "அந்தச் சாக்க இங்க வந்துதான் அவுக்கணும்" என்றாள். அவள் வாய்விட்டு எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அதனால் அந்த மனை எனக்கு எப்படியாவது வேண்டும் என்று இருந்தது. வேறு எதுவும் வேண்டும் என்று தோன்றாத காலத்தில் அது ஒன்றுதான் தோன்றியது.

கம்பெனி கொடுத்தது கொஞ்சம் இருந்தது. சீட்டு தையில் விழும். அம்மாவின் செயினையும் சேர்த்தால் 47 கைக்கு எட்டும். தை வரைக்கும் பொறுத்தால் போதும் என்று கணக்குப் போட்டேன். அறுபது மனையில் ஏழுதான் விற்றிருந்தது, யார் வந்து அடித்துக்கொண்டு போகப்போகிறார்கள்?

ரகுபதி சாருக்கு ஒரு வழக்கம். வெள்ளிக்கிழமை காலையில் கல்லாவுக்கும் சாமி படத்துக்கும் பூஜை போட்டுவிட்டு, மானிட்டருக்கும் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டுவார். காட்டி முடித்ததும், "இன்னாம்மா சுகா, எது ஓடுது?" என்பார். நான் ஒவ்வொரு மனைக்கும் எண்ணைப் படிக்க வேண்டும். சுவரில் இருக்கும் வெள்ளைப் போர்டில் அவர் ரேட்டை மாற்றுவார். எந்த மனையை நிறையப் பேர் பார்த்தார்களோ அதற்கு ஏறும்.

ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை 47-க்கு நேராக இருந்த ரேட்டை அவர் துணியால் துடைத்தபோது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. புதிதாக எழுதியதைப் பார்த்தும் உறைக்கவில்லை. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து இரண்டு வாய் சாப்பிட்ட பிறகுதான், இதை ஏற்றியது நான் என்று தெரிந்தது.

அன்றிலிருந்து 12-ஐத் திறந்தேன், 30-ஐத் திறந்தேன். ஒவ்வொன்றும் பதினைந்து விநாடி. ஆடி மாதம் யாரும் மனை வாங்க மாட்டார்கள் என்பதால் ரகுபதி சாருக்குக் கோபம், "டெய்லி டோட்டல் கொறையுதே, இன்னா பண்ணிகினு கீறீங்க?" என்று சத்தம் போட்டார். வாசுதேவ் என்னைப் பார்த்தார். நான் 47-க்குத் திரும்பினேன். எத்தனை மனைகளைத் திறந்தாலும் மாலை ஐந்து மணிக்கு டோட்டல் பற்றாமல் போனால், கடைசி அரை மணி நேரம் கை தானாக அங்கேதான் போய் நிற்கும்.

"சார், 47-ஓட எண்ணைக் கொஞ்சம் குறைக்க முடியுமா?" என்று வாசுதேவிடம் கேட்டேன்.

"குறைச்சா கண்டுபிடிச்சுடுவாரே. ஏறினது எறங்குமான்னு கேப்பார்."

குறைப்பதற்குப் பதிலாக அவர் இன்னொன்று செய்தார். முதல் பக்கத்திலேயே 'அதிகம் பேர் பார்த்த மனை' என்று ஒரு கட்டம் போட்டு 47-ஐத் தூக்கி வைத்தார். மங்கலான படத்தைச் சுற்றிப் பச்சையும் சிவப்புமாக விளக்கு எரிகிற மாதிரி ஒரு பார்டர். ஐப்பசியில் நிஜமாகவே மெயில்கள் வர ஆரம்பித்தன. துபாயிலிருந்து ஒருவர், கோயம்புத்தூரிலிருந்து ஒருவர். எல்லோரும் 47-ஐத்தான் கேட்டார்கள். நான் போட்ட செருப்பைப் பார்த்து ஆட்கள் படியேறி வந்துகொண்டிருந்தார்கள். ரகுபதி சார் கடைசியாகத் துடைத்து எழுதிய ரேட்டுக்கு அம்மாவின் செயினைப் போல இன்னும் நாலு செயின் வேண்டும்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லவில்லை. அவள் தைக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் மழை விடாமல் கொட்டியது. கார்த்திகையில் ஒரு நாள் நான் சாப்பாட்டை மறந்துவிட்டு வர, அம்மா குடையோடு ஆபீஸ் மாடிக்கே ஏறி வந்துவிட்டாள். ரகுபதி சார் இல்லை. நம்ம மனை கம்ப்யூட்டரில் தெரியும் என்றாயே, காட்டு என்றாள். திறந்தேன். அம்மா ஸ்க்ரீனுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தாள்.

"சைக்கிள் யாருது?"

"தெரியலம்மா."

"இது என்ன நம்பரு, செவப்பா?"

"பாத்தவங்க எண்ணிக்க."

"பாத்தவங்கன்னா? மனுசங்களா?"

அம்மா ஒவ்வொரு இலக்கமாக எண்ணிப் பார்த்தாள். பத்தொன்பதாயிரத்து நானூற்றுப் பதினொன்று. அதில் அந்த ஒன்று அவள். அந்த ஒன்றைத் தவிர வேறு யாரும் அந்த மனையை ஆசையாகப் பார்த்ததில்லை.

"ஏ பாவி மட்ட, இத்தன பேரா பாத்துருக்காவ? இத்தன பேரு கண்ணு பட்டா அந்த மண்ணு என்னத்துக்கு ஆவும்?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளே தனியாகப் போய் வந்தாள். பழைய மண்சட்டி ஒன்றுக்குச் சுண்ணாம்பு அடித்து, கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, முழித்த கண்ணும் கோரைப்பல்லும் வரைந்து, ஒரு கம்பில் கவிழ்த்து 47-இன் நடுவில் நட்டுவிட்டு வந்திருந்தாள். "இனிமே பாக்குறவன் இதப் பாத்துட்டுப் போவட்டும்" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம் அது. ஆனால் எனக்குப் பயமாக இருந்தது.

மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை, பூஜை முடிந்ததும், எண்களைப் படிக்காமல் நின்றேன். வாசுதேவும் அங்கே இருந்தார்.

"சார், 47-ஐப் பார்த்தவங்க எல்லாம் நான்தான் சார்."

"இன்னா?"

"நான்தான் திறந்து திறந்து மூடுனேன். எல்லாம் பொய் எண். ஆளே வரலை. எனக்கு அந்த மனை வேணும் சார், பழைய ரேட்டுக்கு. தையில பணம் தந்துடுவேன்."

ரகுபதி சார் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, பாசமாகவே சிரித்தார்.

"இருவதாயிரம் வாட்டி? நீயி? இன்னாம்மா கத உட்ற? ஒரு மனுஷி செய்ற வேலையா அது? யோவ் வாசு, இன்னாய்யா சொல்லுது இது?"

வாசுதேவ் மவுஸ் ஒயரைச் சரி பண்ணினார். "டெஸ்டிங்குக்காக அப்பப்போ தெறப்பா சார். ஒரு நூறு எரநூறு இருக்கும்."

"அதானே பாத்தேன். உனுக்கு மனை வேணும்னா கேளும்மா, நான் இன்னா வாணான்னா சொல்லப்போறேன்? 58 கீது பாரு, பழைய ரேட்டுக்கே எடுத்துக்க. 47-ஓட ரேட்டை இப்போ என் கையால கொறைச்சேன்னா, அத்த கேட்டு மெயில் போட்டவன்லாம் சிரிப்பான்."

58-இல் அப்போது முழங்கால் அளவு தண்ணீர் நின்றது, தவளை கத்திக்கொண்டிருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வாசுதேவின் மேல் கோபம் வரும் என்று ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தேன். வரவில்லை. அவர் வீட்டிலும் மாதம் முடிந்தால் அரிசி வாங்க வேண்டும்.

திங்கட்கிழமை ஒரு மெயில் வந்தது. அமெரிக்காவில் இருக்கும் ஒரு பையன் எழுதியிருந்தான். இருபதாயிரம் பேர் பார்த்தும் இன்னும் விற்காமல் இருப்பது தன் அதிர்ஷ்டம் என்றும், புதன்கிழமை தன் அப்பாவும் அம்மாவும் வந்து பார்ப்பார்கள் என்றும். ரகுபதி சாருக்கு அன்று ரிஜிஸ்டர் ஆபீஸில் வேலை. "நீ இட்டுகினு போய்க் காட்டும்மா. பொம்பள பேசுனா பொம்பள கேப்பாங்க" என்று டாடா சுமோவை அனுப்பினார்.

மாம்பலத்திலிருந்து வந்திருந்தார்கள். அம்மாளின் பெயர் வரலக்ஷ்மி. அறுபது வயது இருக்கும், நல்ல மாதிரி. வழியெல்லாம் என் ஊர், அம்மா, படிப்பு என்று விசாரித்துக்கொண்டே வந்தார். அவருடைய வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகக் கம்பெனிகளின் காம்பவுண்டுச் சுவர்களை எண்ணிக்கொண்டு வந்தார்.

47-இன் முன்னால் இறங்கியதும் வரலக்ஷ்மியம்மாள் நின்றுவிட்டார்.

"இதென்னது, திருஷ்டிச் சட்டி வெச்சிருக்கே? யாராவது வாங்கிட்டாளா?"

"இல்லம்மா. யாரோ வெச்சிட்டுப் போயிருக்காங்க" என்றேன். உள்ளே போய்க் கம்போடு பிடுங்கினேன். மழைக்கு மண் இளகியிருந்தது, இழுத்ததும் வந்துவிட்டது. கம்பை எறிந்துவிட்டுச் சட்டியை மட்டும் கையில் வைத்துக்கொண்டேன். ஏன் எறியவில்லை என்று தெரியாது.

அவர் மனையைச் சுற்றிப் பார்த்தார். சேறு இல்லை, தண்ணீர் நிற்கவில்லை. அது அவருக்குப் பிடித்துப்போனது. "சின்ன எடமா இருக்கே. சமையலுள் எங்க வரும்மா?" என்று கேட்டார்.

இந்த இடத்தில் நான் எதையாவது சொல்லியிருக்கலாம். கிணற்றுத் தண்ணீர் உப்பு என்று சொல்லியிருக்கலாம். பின்னால் கம்பெனி வந்து புகை அடிக்கும் என்று சொல்லியிருக்கலாம். சுமோவில் வரும்போது இரண்டையும் யோசித்து வைத்திருந்தேன். ஆனால் அவர் கேட்டது அடுப்படி எங்கே என்று. அதற்கு எனக்கு ஒரே ஒரு பதில்தான் தெரியும்.

"அக்னி மூலை இதும்மா. இங்கே அடுப்படி வச்சீங்கன்னா காலையில வெளிச்சம் நேரா அடுப்புக்கு வந்துடும், லைட் போட வேண்டாம். அந்தப் பக்கம் துவைக்கிற கல். தண்ணி வீணாகாம ரெண்டு வாழை வைக்கலாம். வாசப்படிய மட்டும் கொஞ்சம் அகலமா கட்டுங்க, சாயங்காலம் உட்காரலாம்."

வாய் பேசிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வரலக்ஷ்மியம்மாள் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "கேட்டேளா, எவ்வளவு அழகாச் சொல்றது இந்தப் பொண்ணு. எனக்குக் கட்டி முடிச்ச ஆத்தையே பாத்த மாதிரி இருக்கு" என்றார். கைப்பையை அடுப்படி வரும் இடத்தில் வைத்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தள்ளி நின்று பார்த்தார்.

மார்கழி என்பதால் பத்திரம் தையில் என்று பேசி, அன்று சாயங்காலமே அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்கள். ரகுபதி சார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மரத்த கையைத்தான் குலுக்கினார், எனக்குத் தெரியவில்லை. 47-க்குக் குறுக்கே சிவப்பில் 'விற்கப்பட்டது' என்று போடச் சொன்னார். போட்டேன். போட்டது சரியாக வந்திருக்கிறதா என்று பக்கத்தைத் திறந்து பார்த்தேன். எண் ஒன்று கூடியது.

சட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வெளிச்சம் மங்கி, தெருவில் விளக்கு வைக்கிற நேரம். அம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள், என் முகத்தைப் பார்க்கவில்லை, கையில் இருந்ததைப் பார்த்தாள். சுளகைக் கீழே வைத்தாள்.

"வித்துட்டாவளா?"

"ம்."

அவள் எழுந்து உள்ளே வந்து சாக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏன் என்று கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"என் கண்ணுதாம்ட்டி" என்றாள். "அன்னைக்குக் கம்ப்யூட்டர்ல பாத்தேம்லா. கண்ணு மாத்தாமப் பாத்தேன். பெத்தவ கண்ணு பொல்லாதுன்னு தெரிஞ்சும் பாத்தேன். நாந்தான் கெடுத்தேன்."

அப்போதுதான் எனக்குள் எதுவோ அறுந்தது.

"எம்மா, நீ ஒரு தடவதான் பாத்த. மத்ததெல்லாம் நான். அந்த இருபதாயிரமும் நான். வேல அதுதான். தெனம் நூறு வாட்டி அதத் தொறந்து தொறந்து பாக்கணும். நம்பரு ஏற ஏற அவரு ரேட்ட ஏத்துனாரு. வேற யாரு கண்ணும் இல்ல. இன்னைக்கு வாங்க வந்தவங்களுக்கு அடுப்படி எங்கன்னு காட்டுனதும் நாந்தான். நீ சொன்னத அப்பிடியே சொன்னேன்."



"எல்லாம் நீயா?"

"ஆமாம்மா."

"அடுப்படியும் சொன்னியா?"

"சொன்னேன்."

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கல்லுப்பும் நாலு மிளகாய் வத்தலும் கையில் எடுத்துக்கொண்டு வந்து, "கெழக்க பாத்து உக்காரு" என்றாள். உட்கார்ந்தேன். மூடிய கையை என் தலையைச் சுற்றி மூன்று தடவை இடமும் மூன்று தடவை வலமும் சுற்றினாள்.

"ஊருக் கண்ணு, ஒறவுக் கண்ணு, போனவ கண்ணு, வந்தவ கண்ணு, பெத்தவ கண்ணு..." அங்கே நிறுத்தினாள். "உன் கண்ணு. எல்லாக் கண்ணும் எரிஞ்சு போவட்டும். துப்பு."

மூன்று தடவை துப்பினேன். அவள் போய் ஸ்டவ்வைப் பற்றவைத்து, மேலே பழைய கரண்டியை வைத்து, கையிலிருந்ததை அதில் போட்டாள். உப்பு படபடவென்று வெடித்தது. வத்தல் கறுத்துச் சுருண்டது.

கண் பட்டிருந்தால் வத்தல் எரிகிற நெடி வராது. நெடி வந்து இருமல் வந்தால் கண் எதுவும் படவில்லை, யார் மேலும் தப்பில்லை. சின்ன வயசிலிருந்து எங்களுக்கு இதுதான் கணக்கு. நான் மூச்சை இழுத்துப் பார்த்தேன். அந்தச் சின்ன ரூமில் நாலு வத்தல் எரிந்துகொண்டிருந்தது, ஒரு நெடியும் வரவில்லை. இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தேன். மண்ணெண்ணெய் வாசம் மட்டும்தான் வந்தது.

அம்மா ஸ்டவ்வைப் பார்த்தபடி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பிறகு இருமினாள். ஒரு தடவை, அப்புறம் பலமாக இரண்டு தடவை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினாள்.

"யம்மாடி, என்ன நெடி அடிக்கி பாரு. கண்ணு ஒண்ணும் படல ஏட்டி. உன் கண்ணும் இல்ல, என் கண்ணும் இல்ல. என்னட்டி பாக்க? ஒனக்கு அடிக்கலியா?"

அவள் கண் கலங்கியிருந்தது. அவளுக்குப் பின்னால் அந்தச் சாக்கு கட்டியது கட்டியபடி இருந்தது.

"அடிக்கும்மா" என்றேன். நானும் இருமினேன்.